முகம் தெரியும் படம்

கொடுமுடியில் காவிரி ஊருக்குக் கிழக்கே ஓடுகிறது. களப்பயணம் சென்ற காலையில் பிள்ளைகளை ஆற்றுக்கு முதுகு காட்டி நிற்க வைத்துப் படம் எடுத்தேன். தண்ணீர் பளிச்சென்று வந்தது. முகங்கள் எல்லாம் கருநிழல். "டீச்சர், இதுல நான் எங்கீங்க?" என்றாள் ஒரு மாணவி.

பின்னணி மின்னினால் கைபேசிக் கேமரா மொத்த வெளிச்சத்தையும் குறைத்துக்கொள்ளும். கறுத்த முகம்தான் முதலில் மறைகிறது. திரையில் முகத்தைத் தொட்டால் கேமரா அதற்கேற்ப வெளிச்சத்தைக் கூட்டும். அதைவிட நல்லது, இடத்தை மாற்றுவது: மரநிழலின் ஓரத்தில், வெளிச்சத்தைப் பார்த்தபடி நிற்கட்டும். உச்சிவெயில் வேண்டாம், கண்குழி இருண்டுவிடும். சிறு பிள்ளைகளை எடுக்கும்போது நாமும் அவர்கள் கண் மட்டத்துக்குக் குனிய வேண்டும். "சிரி" என்று அதட்டினால் பல்தான் தெரியும். பெயர் சொல்லிக் கூப்பிட்டு, நிமிர்ந்ததும் எடுக்கலாம்.

மரத்தடியில் மறுபடி எடுத்த படத்தில் அவள் தன்னைத் தானே விரல் வைத்துக் காட்டினாள்.