ஒரு பிரேம், மூன்று வில்லைகள்: விளையாட்டுக் கண்ணாடி வாங்குமுன் கவனிக்க வேண்டியவை

2024 யூலையில் மகளிர் ஆசியக் கிண்ணப் போட்டிகள் அனைத்தும் மாத்தளை மாவட்டத்தின் தம்புள்ளை மைதானத்தில் நடைபெற்றன. சில ஆட்டங்கள் பிற்பகல் வெயிலில் தொடங்கின. சில மின்னொளியில் நடந்தன. வெயிலில் பந்தைக் காட்டும் கறுப்பு வில்லை, மின்னொளியில் அதே பந்தை மறைத்துவிடும். ஒரே பிரேமில் மாற்றி மாட்டக்கூடிய வில்லைகள் விளையாட்டுக் கண்ணாடிகளில் வந்ததற்குக் காரணம் இதுதான்.

இது வீரர்களுக்கு மட்டுமான விடயம் அல்ல. தம்புள்ளை ஊடாகச் செல்லும் ஏ9 வீதிதான் வவுனியா, கிளிநொச்சி வழியே யாழ்ப்பாணத்தை அடைகிறது. அந்த வீதியில் சைக்கிளிலும் மோட்டார் சைக்கிளிலும் வெயிலிலும் தூசியிலும் செல்வோருக்கும் இதே கேள்விதான்: எந்த வில்லை?

நிறத்துக்கு முன் இலக்கம்

வில்லைகள் ஒளியை விடும் அளவைக் கொண்டு 0 முதல் 4 வரை தரம் பிரிக்கப்படுகின்றன. தரம் 0 வில்லை 80 வீதத்துக்கு மேற்பட்ட ஒளியை விடும். இரவுக்கும் மின்னொளிக்கும் உரியது. தரம் 1 (43 முதல் 80 வீதம்) மூடுபனிக்கும் மாலை மங்கலுக்கும், தரம் 2 (18 முதல் 43 வீதம்) மிதமான வெயிலுக்கும் ஏற்றவை. உலர்வலய நண்பகலுக்குத் தரம் 3 (8 முதல் 18 வீதம்) வேண்டும். தரம் 4 மிகக் கறுப்பானது. அதை அணிந்து வாகனம் ஓட்டக்கூடாது.

சாம்பல் நிறம் பொருட்களின் இயல்பான நிறத்தை அதிகம் மாற்றாது. கபில நிறம் நீல ஒளியைக் குறைத்து, புல்வெளியில் பந்தையும் வீதியில் குழியையும் தெளிவாகக் காட்டும். மஞ்சள் நிறம் மங்கிய பகலுக்கு, நக்கிள்ஸ் மலைப் பக்கத்துப் பனிமூட்டம் போன்றவற்றுக்கு உதவும். ஆனால் இரவில் வாகனம் ஓட்ட மஞ்சள் வில்லை நல்லது என்பது தவறான நம்பிக்கை. அது கண்ணுக்கு வரும் ஒளியை மேலும் குறைக்கிறது.

கறுப்பாக இருப்பதாலேயே ஒரு வில்லை பாதுகாப்பானது ஆகிவிடாது. கறுப்பு வில்லைக்குப் பின்னால் கண்மணி விரிகிறது. வில்லை புற ஊதாக் கதிர்களைத் தடுக்காவிட்டால் அவை கூடுதலாக உள்ளே செல்லும். எனவே ‘யூவி400’ என்ற குறிப்பு அவசியம். சந்தேகம் இருந்தால், சோதிக்கும் கருவி உள்ள கண்ணாடிக் கடையில் பரிசோதிக்கலாம்.

ஒரு கண்ணை இழந்தவர்களுக்கு

போரில் ஒரு கண் பார்வையை இழந்தவர்கள் நம்மிடையே பலர். அவர்களுக்கு எஞ்சிய கண்ணில் படும் சிறு கல்லும் முழு இருளாகிவிடலாம். அந்தக் கண்ணுக்குப் பவர் தேவைப்படாவிட்டாலும், வெளியே செல்லும்போதும் வேலை செய்யும்போதும் பொலிகாபனேற் வில்லை அணிவது நல்லது. அது சாதாரண கண்ணாடி போல எளிதில் நொறுங்காது. பகலுக்குக் கறுப்பு, இரவுக்கு நிறமற்றது என இரண்டு வில்லைகள் இருந்தால் ஒரே பிரேம் நாள் முழுவதும் பாதுகாப்புத் தரும்.

ஆனால் கடினப் பந்து விளையாட்டுக்கு வெயில் கண்ணாடி போதாது. பந்தின் மோதலைத் தாங்கும் எனச் சோதிக்கப்பட்ட விளையாட்டுக் கண்காப்பு தனியாக உண்டு. துடுப்பெடுத்தாடும்போது முகக்கம்பியுள்ள தலைக்கவசமும் தேவை.

மாற்றும் முறை

பிரேமின் மாடல் பெயரோ இலக்கமோ பெரும்பாலும் காதுப்பிடியின் உட்புறத்தில் இருக்கும். அதற்கு உரிய வில்லையையே வாங்க வேண்டும். அளவு ஒன்றுபோல் தெரிந்தாலும் வளைவு மாறினால் வில்லை சரியாக உட்காராது; பார்வையும் திரியும்.

கைகளைக் கழுவி, மென்மையான துணியின் மேல் வைத்து மாற்றுங்கள். சில பிரேம்களில் வில்லையை விடுவிக்கச் சிறு நெம்பு இருக்கும். வேறு சிலவற்றில் பிரேமை மெதுவாக வளைத்தால் வில்லை வெளியே வரும். எந்த வகை என்பதை அதன் கையேட்டில் பாருங்கள், பலவந்தம் வேண்டாம். புதியதை மாட்டியபின் முன்னாலிருந்து விரலால் மெதுவாக அழுத்துங்கள். அசைந்தால், அடிபடும்போது அது கண்பக்கம் கழன்று விழக்கூடும்.

தூசி படிந்த வில்லையைச் சட்டை நுனியால் துடைத்தால் கீறல் விழும். முதலில் தண்ணீரில் அலசி, பிறகு துடையுங்கள். பார்வைக்கு நேராகக் கீறல் விழுந்த வில்லையை மாற்றிவிடுவதே நல்லது. பிரேம் நல்ல நிலையில் இருந்தால் வில்லையை மட்டும் வாங்கினால் போதும்.