இரத்த இழப்பும் திசுக்களின் பிராணவாயுவும்

விபத்தில் இரத்தம் இழந்த ஒருவரின் இரத்த அழுத்தம் சரியாக உள்ளது என்பதை மட்டும் கொண்டு அபாயமில்லை என முடிவு செய்தல் தவறாகும். வயது வந்தவரின் உடலில் ஏறக்குறைய 5 லிட்டர் இரத்தம் உண்டு. சுமார் 1½ லிட்டர் வெளியேறும் வரையிலும் பலருக்கு அழுத்தம் குறிப்பிடத்தக்க அளவு குறைவதில்லை. அதற்கு முன்னரே திசுக்களுக்குப் பிராணவாயு குறையத் தொடங்கிவிடலாம்.

உடலின் தற்காப்பு முறையே இதற்குக் காரணம். இரத்தம் குறைந்ததும் நாடி விரைகிறது. தோல், தசை, குடல் ஆகியவற்றின் சிறு இரத்தக் குழாய்கள் சுருங்குகின்றன. எஞ்சிய இரத்தம் மூளைக்கும் இருதயத்திற்கும் முதன்மையாகச் செல்கிறது. வாய்க்காலில் நீர் குறைந்தால் கடைமடை வயல்கள் முதலில் காய்வதை இதற்கு உவமை கூறலாம். பிராணவாயு போதாத உயிரணுக்களில் லாக்டிக் அமிலம் பெருகுகிறது. இந்நிலை நீடிப்பின் உறுப்புகள் செயலிழக்கும். இதுவே அதிர்ச்சி நிலை எனப்படுவது.

விரலில் மாட்டப்படும் பல்ஸ் ஆக்சிமீட்டர், தமனி இரத்தத்தின் ஹீமோகுளோபினில் நூற்றுக்கு எத்தனை பங்கு பிராணவாயுவை ஏற்றுள்ளது என்பதையே காட்டும். திசுவை அடைந்த இரத்தத்தின் அளவை அது காட்டாது. எனவே அதில் 98 என்னும் எண் தோன்றும்போதும் திசுக்கள் வாடிக்கொண்டிருக்கக் கூடும்.

இக்குறையை நீக்க வேறொரு முறை உண்டு. அகச்சிவப்பை அடுத்த, 700 முதல் 900 நானோமீட்டர் வரை அலைநீளமுள்ள ஒளி திசுக்களுள் ஓரளவு ஆழமாக ஊடுருவும். அதனால் உயிருள்ள மூளையின் பிராணவாயு நிலையை அறியலாம் என 1977இல் ஃபிரான்ஸ் ஜோப்சிஸ் என்னும் விஞ்ஞானி காட்டினார். பிராணவாயு ஏற்ற ஹீமோகுளோபினும் அதனை இழந்த ஹீமோகுளோபினும் இவ்வொளியை வெவ்வேறு அளவில் உறிஞ்சுகின்றன. உள்ளங்கையில் பெருவிரலின் அடியிலுள்ள தசைமேட்டில் கருவியைப் பொருத்தி, திரும்பி வரும் ஒளியை அளந்தால் அத்தசையின் நிலை புலனாகும். அளவு ஆளுக்கு ஆள் மாறுபடுமாதலால், அது நேரந்தோறும் ஏறுகிறதா, இறங்குகிறதா எனக் கவனித்தலே முக்கியம். மருத்துவர்கள் இரத்தத்தின் லாக்டேட் அளவையும் சேர்த்தே முடிவு செய்வர்.

கருவியில்லாத இடத்திலும் ஒரு சோதனை செய்யலாம். விரல் நகத்தைச் சில விநாடிகள் அழுத்திவிட்டால், வெளுத்த இடம் சாதாரணமாக 2 விநாடிகளுக்குள் மீண்டும் சிவக்கும். இதனை ஆசிரியர்கள் வகுப்பிலேயே செய்து காட்டலாம். குளிரிலும் முதுமையிலும் சிறிது தாமதம் நேர்வதுண்டு. ஆயினும், காயமுற்றவரிடம் தாமதத்தோடு விரைந்த நாடி, குளிர்ந்து வியர்த்த தோல், மனக்கலக்கம் ஆகியவையும் காணப்படின் அழுத்தம் குறையும் வரை காத்திருத்தல் ஆகாது. இரத்தம் கசியும் இடத்தைத் துணியால் இடைவிடாது அழுத்திப் பிடித்து, படுக்கவைத்து, போர்வையால் மூடி, உண்ணவோ பருகவோ எதுவும் தராமல், உடனே மருத்துவமனைக்கு அனுப்புதல் வேண்டும்.