நெகிழிப் பற்றவைப்பிற்கான கைவினை வெப்பக்காற்றுக் கருவி: சேலம் – நாமக்கல் சமவெளியின் தேவைகளை முன்வைத்து

ஆய்வுச் சுருக்கம்

சேலம், நாமக்கல் மாவட்டங்களின் வேளாண்மையிலும் கோழிப்பண்ணைத் தொழிலிலும் பாலித்தீனால் ஆன தொட்டிகளும் குழாய்களும் விரிப்புகளும் பெருமளவில் பயன்படுகின்றன. இவை விரிசலுறும்போது பசையாலும் அடைப்பானாலும் நிலைத்த பயன் கிடைப்பதில்லை. அதற்கான காரணத்தையும், உள்ளூரில் கிடைக்கும் பொருள்களைக் கொண்டு வெப்பக்காற்றுக் கருவி அமைக்கும் முறையையும், அதனைக் கையாளும் நெறிகளையும் இக்கட்டுரை விளக்குகின்றது. காற்றோட்டமும் மின்திறனும் தனித்தனியே கட்டுப்படுத்தப்படுதல் வேண்டும் என்பது இதன் மையக் கருத்தாகும்.

திறவுச்சொற்கள்: பாலித்தீன், பற்றவைப்பு, வெப்பக்காற்று, நிக்ரோம் சுருள், தொட்டி பழுதுபார்ப்பு.

முன்னுரை

சேர்வராயன் மலை, போதமலை, கொல்லிமலை ஆகியவற்றின் அடிவாரத்தில் விரியும் இச்சமவெளியில், காவிரி நீர் எட்டாத இடங்கள் கிணற்றையும் ஆழ்துளைக் கிணற்றையும் நம்பியுள்ளன. இறைத்த நீரைத் தேக்கும் தொட்டி, சொட்டுநீர்க் குழாய், பண்ணைக்குட்டையின் அடிவிரிப்பு ஆகியன பெரும்பாலும் பாலித்தீனால் ஆனவை. தொட்டியில் ஒரு சாண் விரிசல் விழுந்தால் அன்றைய மின்சாரமும் நீரும் ஒருசேர வீணாகின்றன. விரிசலைச் செம்மையாகச் சரிசெய்ய இயலுமாயின் புதுத்தொட்டி வாங்கும் செலவு தவிரும்.

அடைத்தல், ஒட்டுதல், பற்றவைத்தல்

பழுதுநீக்கும் செயலைக் குறிக்க மக்கள் வழக்கில் மூன்று சொற்கள் உள்ளன. துளையை வேறொரு பொருளால் மூடுவது அடைத்தல். இரு பரப்புகளுக்கிடையே பசையிட்டுச் சேர்ப்பது ஒட்டுதல். உருக்கி ஒன்றாக்குவது பற்றவைத்தல். இச்சொற்கள் மூன்று வேறுபட்ட செயல்முறைகளைச் சுட்டுகின்றன.

பி.வி.சி. குழாய்க்கு ஒட்டுதல் பொருந்தும். அதற்கான பசையிலுள்ள கரைப்பான் பி.வி.சி.யின் மேற்பரப்பை இளக்கி இணைக்கின்றது. 1933இல் இங்கிலாந்தின் ஐ.சி.ஐ. ஆய்வகத்தில் கண்டறியப்பட்ட பாலித்தீனின் இயல்பு வேறு. அறை வெப்பநிலையில் வழக்கமான கரைப்பான் எதுவும் அதனைக் கரைப்பதில்லை. அதன் மேற்பரப்பு முனைவற்றதாதலால் பசையும் பிடிப்பதில்லை. எனவே தொட்டியின் மேல் அப்பிய அடைப்பான் வெயிலில் தொட்டி விரியும்போது பெயர்ந்துவிடுகின்றது. பாலித்தீனுக்கு நிலைத்த வழி பற்றவைத்தலே.

தெருவில் குடம் அடைப்போர் பயன்படுத்தும் சூட்டுக்கோல் மெல்லிய குடத்திற்குப் போதுமானது. தடித்த தொட்டியிலோ அது மேற்பரப்பை மட்டும் உருக்குகின்றது. பொற்கொல்லரின் ஊதுகுழல் தரும் சுடரும் உதவாது. சுடரின் மிகுவெப்பம் நெகிழியைக் கருக்கிவிடும். சுடரற்ற, அளவான சூடுள்ள காற்றே தேவை.

வெப்பக் கணக்கு

பாலித்தீன் வகைக்கேற்ப ஏறத்தாழ 110 முதல் 130 பாகை செல்சியசில் உருகும். ஆயினும் முனையில் காற்று 300 பாகை அளவில் இருத்தல் வேண்டும். காற்று குறைவான வெப்பத்தையே சுமப்பதும், பரப்பைத் தொட்டவுடன் குளிர்வதும் இதற்குக் காரணங்கள்.

நிமிடத்திற்கு 50 லிட்டர் காற்று என்பது நொடிக்கு ஏறத்தாழ 1 கிராம். ஒரு கிராம் காற்றை ஒரு பாகை சூடாக்க ஏறத்தாழ 1 ஜூல் தேவை. ஆகவே 30 பாகையிலிருந்து 300 பாகைக்கு உயர்த்த 270 வாட் வேண்டும். குழல் வழியே இழக்கப்படும் வெப்பத்தையும் கருதினால் 400 வாட் திறனுள்ள சுருள் போதுமானது.

இக்கணக்கே ஓர் எச்சரிக்கையையும் தருகின்றது. காற்றுக்குச் சேரும் வெப்பம் மாறாமல் காற்றோட்டம் பாதியானால் வெப்பநிலை உயர்வு 270இலிருந்து 540 பாகையாக இரட்டிக்கும், நெகிழி கருகும். காற்று முற்றிலும் நின்றால் சுருளே எரிந்து அறுந்துவிடலாம்.

கருவி அமைப்பு

1906இல் ஆல்பர்ட் மார்ஷ் காப்புரிமை பெற்ற நிக்கல்–குரோமியக் கலவையே இன்று நிக்ரோம் எனப்படுகின்றது. மின்னடுப்புக்கு விற்கப்படும் 230 வோல்ட், 1000 வாட் சுருளின் மின்தடை ஏறத்தாழ 53 ஓம். 110 வோல்ட்டில் 400 வாட் பெற 30 ஓம் வேண்டும். எனவே சுருளை நீட்டுவதற்கு முன் அதன் நீளத்தில் ஏறத்தாழ 57 விழுக்காட்டை வெட்டி எடுக்கலாம். அப்போது பாயும் மின்னோட்டம் 3.6 ஆம்பியர், அக்கம்பி மின்னடுப்பில் தாங்கும் 4.3 ஆம்பியரைவிட இது குறைவு.

சுருளைப் பீங்கான் தண்டில் பொருத்தி, உட்புறம் மைக்காத் தகடு சுற்றிய துருப்பிடிக்காத எஃகுக் குழலுக்குள் செருக வேண்டும். கல்நார் பயன்படுத்துதல் கூடாது. குழலின் முன்புறம் 5 மி.மீ. உள்விட்டமுள்ள முனையும், பின்புறம் காற்றுக்குழாயும் மரக் கைப்பிடியும் அமையும்.

சுருளை வீட்டு மின்னிணைப்பில் நேரடியாக இணைத்தல் உயிருக்கு ஆபத்தானது. தனிச்சுருள்களுள்ள 500 வோல்ட்-ஆம்பியர் மின்மாற்றியால் 110 வோல்ட்டாகக் குறைத்து, அதன் இரண்டாம் சுருளின் நடுமுனையை நிலத்துடன் இணைத்தால், நிலத்திற்கும் கம்பிக்கும் இடையே 55 வோல்ட் மட்டுமே இருக்கும். எஃகுக் குழலும் நிலத்துடன் இணைக்கப்பட வேண்டும். இவ்விணைப்புகளை மின்பணியாளரே செய்தல் தகும். வெப்பத்தைக் கூட்டிக் குறைக்க இத்திறனுக்கேற்ற சீராக்கி தேவை. மின்விசிறி ரெகுலேட்டர் இதனைத் தாங்காது.

பஞ்சர் கடைகளிலுள்ள காற்றழுத்தியைக் காற்றுக்குப் பயன்படுத்தலாம். கலனில் அழுத்தம் ஏறி இறங்கும் என்பதால் அழுத்தச் சீராக்கியும், நீர்த்துளிகளைப் பிரிக்கும் வடிகட்டியும் வேண்டும். காற்றோட்டத்தை அளக்க எளிய வழி உண்டு. நீர் நிரம்பிய 20 லிட்டர் கேனை நீர்த்தொட்டியில் கவிழ்த்துப் பிடித்து, மின்னிணைப்பு இல்லாத நிலையில், காற்றுக்குழாயை மட்டும் அதனுள் விட வேண்டும். 24 நொடியில் கேனிலுள்ள நீர் வெளியேறினால் காற்றோட்டம் நிமிடத்திற்கு 50 லிட்டர். பின்னர் முனையைப் பொருத்தும்போது காற்று சற்றுக் குறையுமாதலால், அம்முனையை இணைத்தே அளத்தல் துல்லியமாகும். முனைக்குள் 5 மி.மீ. ஆழத்தில் வெப்ப இரட்டை வைத்து வெப்பநிலையை அறியலாம்.

பயன்படுத்தும் முறை

ஒரே வகை நெகிழியே ஒன்றோடொன்று கலக்கும். பொருளின் அடியிலுள்ள முக்கோணக் குறியில் 2, 4 என்பன பாலித்தீனையும், 3 பி.வி.சி.யையும், 5 பாலிபுரொப்பிலீனையும் குறிக்கும். குறியில்லையெனில் சிறு துண்டை நீரிலிடலாம். பாலித்தீனும் பாலிபுரொப்பிலீனும் மிதக்கும், பி.வி.சி. மூழ்கும். அதே வகைப் பழைய தொட்டியிலிருந்து 3 மி.மீ. அகலத்தில் அறுத்த கீற்றே நிரப்புகோலாகப் பயன்படும்.

விரிசலின் இரு முனைகளிலும் சிறு துளையிட்டால் அது மேலும் நீளாது. பின்னர் விரிசலை ஆங்கில வி வடிவில் செதுக்கி, வெயிலால் வெளிறிய மேற்படலத்தைச் சுரண்டி நீக்க வேண்டும். இப்படலம் எஞ்சினால் இணைப்பு பிடிக்காது. முனையை ஊசலைப் போல் அசைத்துக் கோலையும் பள்ளத்தையும் ஒருசேரச் சூடாக்கி, கோலைச் செங்குத்தாக அழுத்தி நகர்த்த வேண்டும். நிமிடத்திற்கு 7 முதல் 9 செ.மீ. வேகம் போதுமானது. கோலின் இருபுறமும் உருகிய நெகிழி மெல்லிய விளிம்பாகப் பிதுங்கினால் சூடு சரி. விளிம்பு தோன்றாவிடில் சூடு குறைவு. பரப்பு பழுப்பேறினால் மிகுதி. நீரூற்றிக் குளிரச் செய்யாமல் தானே ஆறவிட வேண்டும். தொடங்கும்போது காற்று முதலில், மின்சாரம் பின்னர்; முடிக்கும்போது மின்சாரத்தை நிறுத்திக் குழல் ஆறும்வரை காற்றைச் செலுத்த வேண்டும்.

டீசல் இருந்த கலனைப் பற்றவைத்தல் கூடாது; எஞ்சிய ஆவி வெடிக்கக்கூடும். பூச்சிக்கொல்லிக் கலனைச் சூடாக்கினால் நச்சாவி எழும். பி.வி.சி. கருகினால் ஹைட்ரஜன் குளோரைடு வெளிப்படும். தொட்டிக்குள் இறங்கிப் பணிபுரிவதாயின் காற்றோட்டமும் வெளியே ஒரு துணையாளும் இன்றியமையாதன.

முடிவுரை

இக்கருவியில் விலையுயர்ந்த பொருள் எதுவுமில்லை. மின்னடுப்புச் சுருளும் பஞ்சர் கடைக் காற்றும் அடிப்படைக்குப் போதுமானவை. மின்மாற்றி, நிலத்திணைப்பு ஆகியவற்றுக்கான செலவை மட்டும் குறைத்தல் ஆகாது. பாலித்தீன் பழுதை ஒட்டும் பணியாகக் கருதும்வரை பசைக்கான செலவு தொடரும். பொருளின் வகையை அறிந்து, காற்றையும் சூட்டையும் தனித்தனியே அளந்து பற்றவைத்தால், விரிசலுற்ற தொட்டி மீண்டும் நீர் தாங்கும்.