பரங்கிமலை முதல் வல்லம் வரை

பரங்கிமலையிலிருந்து தாம்பரம் வழியாகச் செங்கல்பட்டு வரை நீளும் ஜி.எஸ்.டி. சாலை, ஒரே நாளில் பார்த்து முடிக்கக்கூடிய அருமையான வரலாற்றுத் தடம். பரங்கிமலை உச்சியில் போர்ச்சுகீசியர் 1523-இல் எழுப்பிய தேவாலயத்தில் பழைய கற்சிலுவை ஒன்று உள்ளது. அதைச் சுற்றி ஓடும் பஹ்லவி எழுத்துகள் பாரசீகத்துடன் இருந்த கடல் தொடர்பைக் காட்டுகின்றன. அடுத்து, குன்றுகளுக்கு நடுவே திரிசூலத்தின் சோழர் காலச் சிவன் கோயில்.

நின்று நிதானமாகப் பார்க்க வேண்டிய ஊர் பல்லாவரம். 1863 மே 30 அன்று நிலவியலாளர் ராபர்ட் புரூஸ் ஃபூட் இங்கே சரளைக் குழியில் கற்கோடரி ஒன்றைக் கண்டெடுத்தார். இந்தியப் பழைய கற்கால ஆய்வுக்கு அதுவே தொடக்கம். பல்லவ மன்னன் முதலாம் மகேந்திரவர்மன் குடைவித்த குகைக்கோயில் இன்று தர்காவாக விளங்குகிறது. அவனுடைய விருதுப்பெயர்கள் உத்திரத்தில் வெட்டப்பட்டுள்ளன; விவரம் தெரிந்த வழிகாட்டி சுட்டிக்காட்டாவிட்டால் கண்ணில் படாது. பல்லாவரத்துக் குன்றுகளின் பாறைக்குச் சார்னோக்கைட் என்று பெயர். கொல்கத்தாவில் கிழக்கிந்தியக் கம்பெனி அலுவலர் ஜாப் சார்னாக்கின் கல்லறையில் பதித்தது இதே வகைக் கல்; அவர் பெயரே பாறைக்கும் வந்தது. கல்குவாரிகள் இக்குன்றுகளைக் குடைந்து தள்ளியது பெரும் வேதனை.

தாம்பரம், வண்டலூர் தாண்டிச் செங்கல்பட்டை ஒட்டிய வல்லத்தில் பல்லவர் குகைகள் மூன்று உண்டு. அவற்றுள் ஒன்று வசந்தப்பிரியரசர் மகன் கந்தசேனன் செய்வித்த கோயில் என்று அங்குள்ள தமிழ்க் கல்வெட்டு கூறுகிறது.