நீலக் கம்பி எந்த வால்வுக்கு?

பழைய வால்வு ஆம்ப்ளிஃபயரைப் புதுப்பிக்க உட்காருகிறவர்கள் பெரும்பாலும் முதலில் கைவைப்பது கெபாசிட்டர்களில்தான். அதில் தவறில்லை. அறுபது ஆண்டுப் பழைய எலெக்ட்ரோலைட்டிக் கெபாசிட்டர் உள்ளுக்குள் உலர்ந்துபோயிருக்கும். ரெசிஸ்டர்களின் மதிப்பு நகர்ந்திருக்கும், வால்வுகள் தேய்ந்திருக்கும். ஆனால் இவை எல்லாவற்றையும் இன்றும் புதிதாக வாங்கிவிடலாம். ஈடு தேடுவது கடினமான பொருள் அந்த டிரான்ஸ்ஃபார்மர்கள்தான். பல பத்தாண்டுகள் பழுதில்லாமல் உழைக்கக்கூடிய அவற்றை, ஒரு கம்பியை மாற்றிப் பற்றவைத்துச் சில நிமிடங்களில் கருக்கிவிடவும் முடியும்.

அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியாவைச் சேர்ந்த டைனகோ நிறுவனம் 1959-இல் வெளியிட்ட ஸ்டீரியோ 70-ஐ எடுத்துக்கொள்வோம். டேவிட் ஹாஃப்லரின் நிறுவனம் அது. சேனலுக்கு 35 வாட். பெரும்பாலும் உதிரிகளாக, கிட் வடிவில் விற்கப்பட்டது. வாங்கியவர் வீட்டு மேசையில் வைத்துத் தானே பற்றவைத்துக்கொண்டார். லட்சக்கணக்கில் விற்றதால் இன்றும் கைக்குக் கிடைக்கிறது. ஆனால் உங்களுக்குக் கிடைத்ததைப் பற்றவைத்தவர் எவ்வளவு கவனமானவர் என்று தெரியாது. எனவே ஒரு கம்பி போய்ச் சேரும் இடத்தைப் பார்த்து அதன் வேலையை ஊகிக்கக் கூடாது; அளந்துதான் கண்டுபிடிக்க வேண்டும்.

அளப்பதற்கு முன் ஒரு பழைய சோதனையை நினைத்துக்கொள்வது நல்லது. 1831 ஆகஸ்ட் 29 அன்று மைக்கேல் ஃபாரடே ஓர் இரும்பு வளையத்தின் இரு பக்கமும் தனித்தனியாகக் காயில் சுற்றினார். இரண்டுக்கும் இடையே கம்பித் தொடர்பே இல்லை. ஒன்றில் பேட்டரியை இணைத்த கணத்தில் மற்றதன் அருகிலிருந்த காந்த ஊசி துள்ளியது. பேட்டரியைத் துண்டித்தபோது மறுபடியும் துள்ளியது, இம்முறை எதிர்த்திசையில். இன்றைய டிரான்ஸ்ஃபார்மரின் முழுச் செய்தியும் அந்த இரண்டு துள்ளல்களில் இருக்கிறது. மின்சாரம் தொடாமலே தாவுகிறது. தாவும்போது திசையையும் எடுத்துச் செல்கிறது. எத்தனை வோல்ட் என்பதைச் சுற்றுகளின் விகிதம் தீர்மானிக்கிறது. எந்தத் திசை என்பதைக் காயிலின் எந்த முனையை எங்கே இணைத்தோம் என்பது தீர்மானிக்கிறது. வண்ணக் கம்பிகளைக் குழப்பிக்கொள்கிறவர்கள் வோல்ட்டைப் பார்ப்பார்கள், திசையை மறந்துவிடுவார்கள்.

பவர் டிரான்ஸ்ஃபார்மரில் திசைச் சிக்கல் குறைவு, ஆபத்து அதிகம். அமெரிக்கத் தயாரிப்பாளர்கள் பின்பற்றிய பொதுக் குறியீட்டில் கறுப்பு இரண்டும் மெயின்ஸ். சிவப்பு இரண்டும் உயர் வோல்ட்டேஜ் முனைகள். சிவப்பில் மஞ்சள் கோடு போட்டது அவற்றின் சென்டர் டேப். பச்சையும் பழுப்பும் வால்வுகளைச் சூடாக்கும் 6.3 வோல்ட். மஞ்சள் இரண்டும் ரெக்டிஃபயர் வால்வுக்கான 5 வோல்ட். பிற நாட்டுத் தயாரிப்புகளில் இந்த ஒழுங்கை எதிர்பார்க்க முடியாது.

அந்த மஞ்சள் கம்பிகளிடம் தனிக் கவனம் வேண்டும். இரண்டுக்கும் நடுவே மீட்டரை வைத்தால் வெறும் 5 வோல்ட் காட்டும். ஆனால் ஸ்டீரியோ 70-இல் உள்ள ஜி.இசட்.34 போன்ற ரெக்டிஃபயர் வால்வில் சூடேறும் இழையும் கேத்தோடும் உள்ளேயே இணைந்திருக்கின்றன. ஆகவே அந்த 5 வோல்ட் காயில் முழுவதும் சேசிஸிலிருந்து பார்த்தால் 400 வோல்ட்டுக்கு மேல் நிற்கிறது. குறைந்த வோல்ட்டேஜ் என்று நினைத்துத் தொட்டால் உயிர் போகும். சுவிட்சை அணைத்த பிறகும் கெபாசிட்டரில் மின்னூட்டம் தங்கியிருக்கும் என்பதால், ஒரு ரெசிஸ்டர் வழியாக அதை வடியவிட்டு, மீட்டரில் பூஜ்யம் பார்த்த பின்புதான் உள்ளே கை போக வேண்டும்.

அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மருக்கு வருவோம். இங்கேதான் திசை எல்லாமுமாகிறது. ஒரு சேனலில் இரண்டு இ.எல்.34 வால்வுகள், ஆள்ரம்பத்தின் இரு முனைகளைப் பிடித்தவர்கள்போல, மாறிமாறி இழுக்கின்றன. சிவப்புக் கம்பி நடுவில். அங்கே உயர் வோல்ட்டேஜ் நுழைந்து இரு பாதிகளாகப் பிரிந்து, நீலம் வழியாக ஒரு வால்வுக்கும் நீலம்-வெள்ளை வழியாக மற்றதற்கும் போகிறது. இரண்டு பாதிகளிலும் ஓடும் நிலையான மின்னோட்டம் எதிரெதிர்த் திசையில் சுற்றுவதால் அவற்றின் காந்தம் ஒன்றையொன்று அழித்துக்கொள்கிறது. இசையின் அசைவு மட்டுமே இரும்பில் எஞ்சுகிறது. இவ்வளவு சிறிய இரும்பிலிருந்து ஆழமான பாஸ் வருவதற்கு இது முக்கியமான காரணம். ஒரு வால்வு செத்தால் இந்தச் சமநிலை குலையும், பாஸ் மெலிந்து கரகரக்கும்.

இன்னும் இரண்டு கம்பிகள் உண்டு: பச்சையும் பச்சை-வெள்ளையும். முதன்மைக் காயிலின் நடுவழியில் எடுத்த கிளைகள் அவை. வால்வின் ஸ்கிரீன் முனைக்குப் போகின்றன. இந்த உத்தியை ஆலன் பிளம்லைன் 1937-இலேயே காப்புரிமைக்குக் கொடுத்திருந்தார். ஸ்டீரியோ ஒலிப்பதிவுக்கு அடித்தளமிட்டவரும் அவரே; 1942-இல் ரேடார் சோதனை விமானம் நொறுங்கியதில் இறந்தார். 1951-இல் ஹாஃப்லரும் ஹெர்பர்ட் கெரோஸும் இதற்கு அல்ட்ரா லீனியர் என்று பெயரிட்டுப் பரப்பினார்கள். சிவப்பிலிருந்து சுமார் 43 சதவீதச் சுற்றுகளில் கிளை எடுத்தால் சிதைவு வெகுவாகக் குறைவதை அவர்கள் கண்டார்கள்.

எல்லாம் முடிந்து ஆம்ப்ளிஃபயரைப் போட்டதும் ஸ்பீக்கர் ஊளையிட்டால் பதறத் தேவையில்லை, உடனே அணையுங்கள். ஸ்பீக்கர் பக்கத்திலிருந்து ஒரு சிறு பங்கை முதல் கட்டத்துக்குத் திருப்பி அனுப்பித் தவறைத் திருத்திக்கொள்ளும் ஏற்பாடு, அதாவது நெகடிவ் ஃபீட்பேக், இந்த ஆம்ப்ளிஃபயரில் உண்டு. திசை மாறிப்போனால் திருத்த வேண்டியது வளர்க்கத் தொடங்கிவிடும். தீர்வு எளிது: நீலத்தையும் நீலம்-வெள்ளையையும் இடம் மாற்றிப் பற்றவைக்க வேண்டும். கூடவே பச்சை இரண்டையும் மாற்ற வேண்டும். நீலத்தை மட்டும் மாற்றினால் ஒவ்வொரு வால்வின் ஸ்கிரீனும் அடுத்த வால்வின் பாதியோடு கட்டப்பட்டு, எதிர்த்திசையில் இழுக்கும்.

நிறம் மங்கிய கம்பிகளைக் கண்டுபிடிக்கவும் வழி உண்டு. ஸ்டீரியோ 70-இன் அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் ஸ்பீக்கரின் 8 ஓமை வால்வுகளுக்கு 4,300 ஓமாகக் காட்டுகிறது. தடை விகிதத்தின் வர்க்கமூலமே சுற்று விகிதம். அதாவது சுமார் 23. கழற்றி வைத்த டிரான்ஸ்ஃபார்மரின் 8 ஓம் முனைகளுக்கு 1 வோல்ட் மாறுமின்னோட்டம் கொடுத்தால், நீலத்துக்கும் நீலம்-வெள்ளைக்கும் இடையே 23 வோல்ட் எழும், சிவப்பு சரிபாதியில் நிற்கும். கிளைகள் அவற்றுக்கு இடையே அகப்பட்டுவிடும். ஓம் மீட்டரில் இரு பாதிகளும் ஒரே தடை காட்டாவிட்டால் பழுது என்று முடிவுகட்டாதீர்கள். வெளி அடுக்கில் ஒரு சுற்றின் சுற்றளவு அதிகம், அதனால் செம்பும் அதிகம், அவ்வளவுதான்.

நம் ஊரில் இந்த ஆம்ப்ளிஃபயரை ஓட்ட நினைப்பவருக்கு வேறொரு கணக்கு உண்டு. அது 117 வோல்ட், 60 ஹெர்ட்ஸுக்குச் செய்தது. வோல்ட்டை ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மர் குறைக்கும், ஆனால் 50 ஹெர்ட்ஸை மாற்றாது. அதே வோல்ட்டில் அதிர்வெண் ஆறில் ஒரு பங்கு குறைந்தால் இரும்பு தாங்க வேண்டிய காந்தம் 20 சதவீதம் கூடும். ஏற்கெனவே சூடாக ஓடும் பவர் டிரான்ஸ்ஃபார்மர் அதைத் தாங்காது. வோல்ட்டை 100-க்கு இறக்கினால் காந்தம் சரியாகும், ஆனால் 6.3 வோல்ட் சுமார் 5.4 ஆகி வால்வுகள் போதிய சூடு பெறாது. 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸுக்கான பவர் டிரான்ஸ்ஃபார்மரைச் சுற்றச்செய்து பொருத்துவதே முறை என்பது என் தீர்மானம். அதில் இரண்டு 115 வோல்ட் காயில்கள் இருந்தால் முதலாவதன் முடிவை இரண்டாவதன் தொடக்கத்தோடு சேர்க்க வேண்டும். திசை தவறினால் இரண்டின் காந்தமும் அழிந்து, மெயின்ஸுக்கு முன்னால் சில ஓம் செம்பு மட்டுமே நிற்கும். அதனால்தான் முதல் முறை மின்சாரம் கொடுக்கும்போது சீரியஸ் லேம்ப் வழியாகக் கொடுக்கிறார்கள். பழைய டங்ஸ்டன் பல்பாக இருக்கட்டும், எல்.இ.டி. உதவாது. பல்பு முழு வெளிச்சத்தில் நின்றுவிட்டால் இணைப்பு தவறு.

அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர்களுக்கு மெயின்ஸின் அதிர்வெண் ஒரு பொருட்டே அல்ல. அவற்றை அப்படியே காப்பாற்றுங்கள். ஸ்பீக்கர் இல்லாமல் ஆம்ப்ளிஃபயருக்குச் சிக்னல் கொடுக்காதீர்கள். உள்ளே எழும் வோல்ட்டேஜ் இன்சுலேஷனைத் துளைத்துவிடும். பழைய சால்டரை உருக்கும் முன் ஒவ்வொரு கம்பிக்கும் நிறத்தையும் அது போன முனையையும் எழுதிச் சீட்டு ஒட்டுங்கள். கம்பியை ஒட்ட நறுக்க வேண்டாம், உருக்கி எடுங்கள். குட்டையாகிவிட்ட கம்பி அடுத்த முறை முனையை எட்டாது.