முதல் அடி ரோட்டோவுக்கு

பச்சைத் திரை இல்லாமல் எடுத்த காட்சியில் நாயகனுக்குப் பின்னால் எரிமலை வெடிக்க வேண்டுமா? அவர் உருவத்தை விளிம்பு பிடித்துத் தனியே வெட்டி எடுத்தாக வேண்டும். இதுதான் ரோட்டோ வேலை. வினாடிக்கு 24 ஃபிரேம். ஐந்து வினாடி ஷாட்டில் 120. தலைமுடி காற்றில் பறந்தால் தொலைந்தது! ஹாலிவுட் படங்களின் ரோட்டோ பல ஆண்டுகளாகச் சென்னைக்கும் ஹைதராபாத்துக்கும் மும்பைக்கும் வந்துகொண்டிருக்கிறது.

சினிமாத் தொழில்களில் செயற்கை நுண்ணறிவிடம் முதலில் சிக்கியது இதுதான் என்பேன். விளிம்பு எங்கே முடிகிறது என்பதற்குச் சரி, தவறு உண்டு. சரியான விடை இருக்கும் வேலையை இயந்திரம் சீக்கிரம் கற்கும். நியூக் மென்பொருளின் காப்பிகேட் கருவிக்குச் சில ஃபிரேம்களைக் கையால் முடித்துக் கொடுத்தால், அந்த ஷாட்டின் மீதியை அதுவே செய்து பார்க்கும். மெட்டா 2024இல் வெளியிட்ட சாம் 2, ஒரு ஃபிரேமில் தொட்டுக்காட்டிய பொருளை வீடியோ முழுக்கப் பின்தொடர்கிறது. முடியிழையிலும் வேக அசைவின் மங்கலிலும் இவை இன்னும் தடுமாறுகின்றன. ஆனால் பிசிறு திருத்த அத்தனை பேர் தேவையில்லை. ரோட்டோவில் கண்ணைப் பழக்கித்தான் பலர் தனித்தனியாக எடுத்த காட்சிகளை ஒன்றாகச் சேர்க்கும் கம்பாசிட்டர் ஆனார்கள். இனி அந்தப் பழக்கம் எங்கே கிடைக்கும்?

குரலிலும் இயந்திரம் தேறிவிட்டது. ‘லால் சலாம்’ படத்தில் மறைந்த பாடகர்கள் பம்பா பாக்யா, ஷாகுல் ஹமீது குரல்களைச் செயற்கை நுண்ணறிவு வழியே ஏ.ஆர்.ரஹ்மான் பாட வைத்தார். குடும்பத்தாரிடம் அனுமதி பெற்று, பணமும் கொடுத்து. அமெரிக்க நடிகர்கள் 2023இல் 118 நாள் வேலைநிறுத்தம் செய்து, டிஜிட்டல் நகலுக்குச் சம்மதமும் சம்பளமும் வேண்டும் என்பதை ஒப்பந்தத்தில் எழுத வைத்தார்கள். முகத்துக்கும் குரலுக்கும் சொந்தக்காரர் உண்டு. ரோட்டோ விளிம்புக்கு யார் சொந்தம் கொண்டாடுவது?

எடிட்டர் நிலைமை பரவாயில்லை. டேக்குகளைப் பிரித்து அடுக்கும் உதவியாளர் வேலை குறையும். ஆனால் எந்தப் பார்வையில் வெட்டுவது என்பதற்கு ஒரே விடை கிடையாது.

லைட்மேன்? விளக்கைத் தூக்கி நிறுத்த மென்பொருளுக்குக் கையில்லை. ஆனால் 2024 தொடக்கத்தில் ஓப்பன்ஏஐ நிறுவனத்தின் வீடியோ மென்பொருள் சோரா உருவாக்கிய காட்சிகளைப் பார்த்ததும், அட்லாண்டாவில் 80 கோடி டாலர் ஸ்டூடியோ விரிவாக்கத்தை அமெரிக்கத் தயாரிப்பாளர் டைலர் பெர்ரி நிறுத்திவைத்தார். அத்திட்டத்தில் 12 படப்பிடிப்புத் தளங்கள் இருந்தன. அங்கே வேலை பார்த்திருக்க வேண்டிய தச்சர்களும் எலெக்ட்ரீஷியன்களும் டிரைவர்களும், இயந்திரத்தால் செய்ய முடியாத வேலைகளைச் செய்பவர்கள்தான்.