சுருள்முடியும் பொடுகும்: எண்ணெய் செய்வது என்ன?

1796-ஆம் ஆண்டில் நைகர் ஆற்றைத் தேடி மேற்கு ஆப்பிரிக்காவின் உட்பகுதிக்குச் சென்றார் மங்கோ பார்க் என்னும் ஸ்காட்லாந்து நாட்டுப் பயணி. அங்கு மக்கள் ஒரு மரத்தின் கொட்டையை உடைத்து, பருப்பை நீரில் கொதிக்கவைத்து, வெண்ணெய் போன்ற கொழுப்பு ஒன்றை எடுப்பதைக் கண்டார். உப்பிடாமலே அது ஓராண்டு முழுதும் கெடாதிருக்கும் என்று 1799-இல் வெளியான தம் பயண நூலில் குறிப்பிட்டார். அந்த மரம்தான் ஷியா. செனகல் முதல் உகாண்டா வரையுள்ள புல்வெளிக் காடுகளில் அது வளர்கிறது. ஷியா வெண்ணெய் அங்கே உணவாகவும், தோலுக்குப் பூச்சாகவும், தலைமுடிக்கு எண்ணெயாகவும் இன்றும் பயன்படுகிறது.

தலையில் வெள்ளைச் செதில்கள் தோன்றினால், "தலை வறண்டுவிட்டது" என்று சொல்லி இத்தகைய கொழுப்பை வகிடு வகிடாகப் பிரித்துத் தலைத்தோலில் அழுத்தித் தேய்ப்பது ஆப்பிரிக்க மக்களிடையே பரவலாக உள்ள வழக்கம். அமெரிக்காவிலும் கரீபியத் தீவுகளிலும் வாழும் அவர்களுடைய வழித்தோன்றல்களிடமும் இவ்வழக்கம் உண்டு. தேய்த்தவுடன் செதில்கள் மறைந்துவிடுகின்றன. ஆனால் சில நாட்களில் மீண்டும் தோன்றுகின்றன. பல வேளைகளில் முன்னைவிட மிகுதியாகவே தோன்றுகின்றன. ஏன்? இதற்கு விடை காண உயிரியல், வேதியியல், இயற்பியல் ஆகிய மூன்றும் நமக்கு வேண்டும்.

சுருள்முடியின் அமைப்பு

ஒரு மயிரிழையைக் குறுக்காக வெட்டி நுண்ணோக்கியில் பார்ப்பதாகக் கொள்வோம். சீனர், ஜப்பானியரின் முடியில் வெட்டுமுகம் ஏறத்தாழ வட்டமாக இருக்கும். ஆப்பிரிக்கரின் முடியிலோ அது தட்டையான நீள்வட்டமாக இருக்கும். அம்முடி தோலுக்குள் முளைக்கும் மயிர்ப்பையும் நேராக இராமல் வளைந்திருக்கும். ஆகவே முடி வெளிவரும்போதே நாடாவை முறுக்கியதுபோல் முறுகி, நெருக்கமான சுருள்களாக வளர்கிறது.

ஒவ்வொரு மயிர்க்காலின் அருகிலும் ஒரு கொழுப்புச் சுரப்பி உண்டு. அதிலிருந்து கசியும் 'சீபம்' என்ற கொழுப்பே முடிக்கு இயற்கை தந்த எண்ணெய். நேரான முடியில் அது எளிதாக நுனியை நோக்கிப் பரவும். சுருள்முடியில் என்ன ஆகும்?

நீங்களே ஒரு சோதனை செய்து பாருங்கள். இரண்டு மெல்லிய செம்புக் கம்பிகளை எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றை நேராக விடுங்கள். மற்றதைப் பென்சிலில் நெருக்கமாகச் சுற்றிச் சுருளாக்குங்கள். இரண்டையும் செங்குத்தாகத் தொங்கவிட்டு, மேல்முனையில் ஒவ்வொரு சொட்டு எண்ணெய் வையுங்கள். நேர்க்கம்பியில் எண்ணெய் கீழே வழியும். சுருள்கம்பியிலோ, அடுத்தடுத்த வளையங்களுக்கு இடையே பரப்பு இழுவிசை அதைப் பிடித்து நிறுத்திவிடும்.

சுருள்முடியிலும் ஏறத்தாழ இதுவே நிகழ்கிறது. சீபம் வேர்ப்பக்கத்திலேயே தங்கிவிடுகிறது. நுனிப்பக்கம் காய்ந்து கிடக்கிறது. ஒரே தலையில் தோலில் எண்ணெய்ப்பசையும் முடியில் வறட்சியும் சேர்ந்திருக்கலாம் என்பதை நினைவில் வையுங்கள். குழப்பம் இங்கேதான் தொடங்குகிறது.

பொடுகு வறட்சியன்று

தலைத்தோலின் மேலடுக்கு ஓயாமல் உதிர்ந்து புதுப்பிக்கப்படுகிறது. இயல்பான நிலையில் அணுக்கள் கண்ணுக்குத் தெரியாதபடி தனித்தனியே உதிரும். பொடுகில் அவை விரைவாகப் பெருகி, முற்றும் முதிராமல், கொத்துக் கொத்தாகப் பெயர்கின்றன.

இதில் 'மலசீசியா' என்னும் நுண்பூஞ்சைக்குப் பெரும்பங்கு உண்டு. இது ஏறக்குறைய எல்லா மனிதர் தோலிலும் குடியிருக்கிறது. இதன் மரபணுத் தொகுதியை ஆராய்ந்து 2007-இல் வெளியிட்டபோது ஒரு விந்தை புலப்பட்டது. கொழுப்பு அமிலங்களைத் தானே ஆக்கிக்கொள்ளும் மரபணு இதற்கு இல்லை! பிறர் சமைத்ததை உண்டே வாழவேண்டிய உயிர் இது. ஆகவே சீபத்திலுள்ள கொழுப்பை நொதிகளால் உடைத்து, நிறைவுற்ற கொழுப்பு அமிலங்களை உண்கிறது. எஞ்சுவனவற்றுள் ஒன்று ஒலியிக் அமிலம். அது தலைத்தோலின் காப்பு அடுக்குக்குள் புகுந்து உறுத்துகிறது. இந்த உறுத்தலைத் தாங்காத தலைகளில்தான் அரிப்பும் செதிலும் தோன்றுகின்றன.

இப்போது ஷியா வெண்ணெயைப் பாருங்கள். அதன் கொழுப்பில் பெரும்பகுதி ஸ்டியரிக் அமிலமும் ஒலியிக் அமிலமும் ஆகும். முன்னது பூஞ்சைக்கு இரை. பின்னது தலைத்தோலுக்கு உறுத்தல். ஆலிவ் எண்ணெயிலும் ஒலியிக் அமிலமே மிகுதி. ஆய்வுக்கூடங்களில் மலசீசியாவை வளர்க்க விரும்புவோர் வளர்ப்பு ஊடகத்தின்மேல் ஆலிவ் எண்ணெய் ஊற்றும் முறை நெடுங்காலமாக உண்டு. ஆய்வாளர் ஊட்டி வளர்க்கும் பொருளையே நாம் மருந்தென்று தலையில் தேய்க்கலாமா?

செதில் எங்கே மறைந்தது?

அப்படியானால் எண்ணெய் தேய்த்தவுடன் பொடுகு மறைவது எப்படி? அது மறைவதில்லை, நம் கண்ணுக்குத் தெரியாமற் போகிறது, அவ்வளவே.

பஜ்ஜி வைத்த காகிதத்தைக் கவனித்திருக்கிறீர்களா? எண்ணெய் பட்ட இடம் வெண்மை இழந்து, ஒளி ஊடுருவும் தன்மை பெறுகிறது. காகித இழைகளுக்கு இடையே காற்று இருந்தவரை ஒவ்வோர் எல்லையிலும் ஒளி சிதறியது, அதனால் வெண்மை. காற்றின் இடத்தை எண்ணெய் நிரப்பியதும் சிதறல் குறைகிறது.

பொடுகுச் செதில் கெரட்டின் என்னும் புரதத்தால் ஆனது. அதன் ஒளிவிலகல் எண் சுமார் 1.55; காற்றுக்கு 1.00, தாவர எண்ணெய்க்குச் சுமார் 1.47. இரு ஊடகங்களின் எல்லையில் செங்குத்தாக விழும் ஒளியில் எதிரொளிக்கும் பகுதியைக் காண, ஒளிவிலகல் எண்களின் வேறுபாட்டை அவற்றின் கூட்டுத்தொகையால் வகுத்து, வர்க்கப்படுத்த வேண்டும். கணக்கிட்டால், காற்றுக்கும் கெரட்டினுக்கும் இடையே 4.7 விழுக்காடு வருகிறது. எண்ணெய்க்கும் கெரட்டினுக்கும் இடையே 0.07 விழுக்காடுதான். அறுபது மடங்குக்கு மேல் குறைந்துவிட்டது! செதில் அங்கேயே இருக்கிறது. அதன் வெண்மைதான் போயிற்று. எண்ணெய் காயும்வரை நாம் ஏமாந்திருக்கிறோம். அதற்குள் பூஞ்சை விருந்துண்டு பெருகுகிறது.

எண்ணெயால் பயனே இல்லையா?

உண்டு, இடமறிந்து இட்டால் உண்டு. சுருள்முடியின் ஒவ்வொரு வளைவும் ஒரு நலிந்த இடம். சீப்பு இழுக்கும்போது இழைகள் உரசிச் சிக்கி, அந்த வளைவுகளில் முறிகின்றன. முடியின்மேல் எண்ணெய்ப் படலம் இருந்தால் உராய்வு குறைகிறது. தேங்காயெண்ணெய் இன்னும் ஒரு படி மேல். அதன் கொழுப்பில் ஏறத்தாழப் பாதியாக உள்ள லாரிக் அமிலத்தின் மூலக்கூறு நீண்டு நேராக, சிறிதாக இருப்பதால், அது மயிரிழைக்குள்ளேயே புகவல்லது. கழுவும்போது முடியிலிருந்து புரதம் கரைவதைத் தேங்காயெண்ணெய் குறைக்கிறது என்றும், சூரியகாந்தி எண்ணெயும் கனிம எண்ணெயும் அவ்வாறு செய்வதில்லை என்றும் இந்திய ஆய்வாளர்கள் 2003-இல் காட்டினர். மேற்கு ஆப்பிரிக்காவில் கிடைக்கும் எண்ணெய்ப்பனைக் கொட்டையின் எண்ணெயிலும் லாரிக் அமிலம் ஏறத்தாழ இதே அளவில் உள்ளது.

கரீபியத் தீவுகளில் புகழ்பெற்றது, வறுத்த ஆமணக்கு விதையிலிருந்து எடுக்கும் கருநிற விளக்கெண்ணெய். அதன் பாகுநிலை நீரைப்போல் பல நூறு மடங்கு. முடியில் தடித்த படலமாக ஒட்டி நிற்க அது ஏற்றது. தலைத்தோலில் தேய்த்தாலோ, செதிலையும் அழுக்கையும் ஒன்றாக ஒட்டி, கழுவுவதையும் கடினமாக்கும்.

தடித்துப் படிந்த செதிலை இளக்கவும் எண்ணெய் உதவும். ஆனால் சிறிது நேரம் ஊறவிட்டு, அன்றே நன்றாகக் கழுவிவிட வேண்டும்.

தேயிலைமர எண்ணெய் என்ற பெயரையும் கேள்விப்பட்டிருப்பீர்கள். அது கொழுப்பன்று, ஆஸ்திரேலிய மரம் ஒன்றின் இலையிலிருந்து வடிக்கும் நறுமண எண்ணெய். 2002-இல் வெளியான அந்நாட்டு ஆய்வில் 126 பேர் நான்கு வாரம் பங்கேற்றனர். 5 விழுக்காடு இவ்வெண்ணெய் கலந்த ஷாம்பு பொடுகை 41 விழுக்காடு குறைத்தது. எண்ணெய் கலவாத ஷாம்பு 11 விழுக்காடே குறைத்தது. இங்கும் தேய்த்துக் கழுவிவிடும் ஷாம்பாகத்தான் அது பயன்பட்டது என்பதைக் கவனியுங்கள். நீர்க்காமல் இட்டால் தோலைப் புண்ணாக்கும்.

ஒரு வரலாற்றுச் சான்று

அமெரிக்காவில் அடிமைமுறை ஒழிந்தபின் 1867-இல் பிறந்தவர் சாரா பிரீட்லவ். சலவைத் தொழில் செய்து பிழைத்த அவருக்குத் தலைத்தோல் நோயால் முடி கொட்டியது. பிறகு மேடம் சி. ஜே. வாக்கர் என்ற பெயரில் தலைக்களிம்பு விற்று, 1919-இல் மறையும்போது பெரும் தொழிலதிபராக விளங்கினார். அவருடைய களிம்பில் பெட்ரோலியக் கொழுப்புடன் கந்தகமும் இருந்தது. கந்தகம் பூஞ்சையை அடக்கவல்லது. அத்துடன், தலையை அடிக்கடி கழுவுங்கள் என்றும் அவர் பெண்களுக்குக் கற்பித்தார். பயன் தந்தவை மருந்தும் கழுவுதலுமே; கொழுப்பு வெறும் வாகனம்.

செய்ய வேண்டியவை

சுருள்முடியை நாள்தோறும் கழுவினால் அது வறண்டு முறியும். வாரம் ஒருமுறை போதும். கீட்டோகோனசோல், செலினியம் சல்பைடு போன்ற பூஞ்சைக்கொல்லி கலந்த ஷாம்பை முடியின் நீளமெங்கும் பூசாமல் தலைத்தோலில் மட்டும் தேய்த்து, ஐந்து நிமிடம் விட்டுக் கழுவ வேண்டும். பின்பு, ஈரம் இருக்கும்போதே ஷியாவையோ தேங்காயெண்ணெயையோ முடியின் நடுவிலிருந்து நுனிவரை தடவலாம். ஈரம் விரைவில் ஆவியாகாமல் எண்ணெய் காக்கும்.

ஓர் எச்சரிக்கை. ஆப்பிரிக்கக் குழந்தைகளின் தலையில் செதிலோடு முடியும் திட்டாக உதிர்ந்தால் அது பொடுகாக இராது. பெரும்பாலும் தலைப் படர்தாமரையாகவே இருக்கும். அது வேறொரு பூஞ்சையின் வேலை. மயிர்க்காலுக்குள் அது புகுந்திருப்பதால், எந்த எண்ணெயும் அங்கே எட்டாது. மருத்துவர் தரும் உள்மருந்தே தீர்க்கும். எண்ணெய் தேய்த்துச் செதிலை மறைத்துக்கொண்டே நாட்களைக் கடத்தினால், அக்குழந்தையின் முடி நிலையாகவே போய்விடக்கூடும். உடன் விளையாடும் குழந்தைகளுக்கும் நோய் தொற்றும்.

பாட்டிமார் தந்த எண்ணெய்க் கிண்ணத்தைத் தூக்கியெறிய வேண்டியதில்லை. முடிக்கு எண்ணெய், தோலுக்குத் தூய்மை என்று இரண்டையும் பிரித்தறிந்தால் போதும்.